உணவுக் கோளாறு: நோயாளியின் நேரம் எங்கே போகிறது?

உணவுக் கோளாறு என்றதும் எல்லோருக்கும் எடைதான் நினைவுக்கு வருகிறது. எத்தனை கிலோ குறைந்தது, கன்னம் எப்படி ஒட்டிப்போனது என்றுதான் வீட்டில் பேச்சு. மருத்துவரும் முதலில் எடை பார்க்கத்தான் சொல்கிறார். ஆனால் நோய்க்குள் இருப்பவரிடம் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்டுப் பாருங்கள். கிலோவைவிட அதிகமாக மணிக்கணக்குதான் வரும். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், அடுத்தது எத்தனை மணிக்கு, அதுவரை எப்படித் தாக்குப்பிடிப்பது, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தால் இன்றைக்கு இதோடு தப்பிக்கலாம் என்று.

இந்த நோய் உடலோடு சேர்த்து ஒருவரின் நேரத்தையும் பிடித்துக்கொள்கிறது. நாள், வாரம், வருங்காலம், வயது எல்லாமே அதன் கணக்கில் ஓட ஆரம்பிக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளாதவரை, அக்கறையோடு சொல்லப்படும் இரண்டு அறிவுரைகள் எவ்வளவு ஆபத்தானவை என்பது தெரியாது. ஒன்று, 'பசித்தால் தானாகச் சாப்பிடும்.' மற்றது, 'நாளானால் சரியாகிவிடும்.'

முதலில் நோய்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அனோரெக்சியா நெர்வோசா உள்ளவர் எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவார்; மெலிந்த பிறகும் மெலிந்தது அவர் கண்ணுக்குப் படாது. புலிமியா நெர்வோசாவில் கட்டுக்கடங்காமல் சாப்பிடுவதும், பிறகு அதை எப்படியாவது ஈடுகட்டத் துடிப்பதும் மாறி மாறி வரும். அப்படி ஈடுகட்டாமல், கட்டுமீறிச் சாப்பிடுவது மட்டும் திரும்பத் திரும்ப நடந்தால் அது பிஞ்ச் ஈட்டிங் கோளாறு. பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இவை தலைகாட்டுகின்றன. பெண்களிடம் அதிகம், ஆனால் ஆண்களுக்கும் வருகிறது, அவர்களிடம் கண்டுபிடிக்கத்தான் தாமதமாகிறது.

இனி ஒரு மதியத்தை அருகிலிருந்து பார்ப்போம். அனோரெக்சியா உள்ள ஒரு கல்லூரிப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு முன்னால் எதுவும் வாயில் படக் கூடாது என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. பதினொன்றரைக்கே கண் கடிகாரத்தின் பக்கம் போக ஆரம்பித்துவிடுகிறது. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பத்தியை நாலு தடவை படிக்கிறாள். 12.40. எழுந்து நடக்கிறாள். 12.46. தட்டு வரும்போது 12.58. இரண்டு நிமிடம் இருக்கிறது, தொட மாட்டாள். அந்த நேரம் பார்த்துத் தோழி ஒருத்தி போன் செய்கிறாள். பேசிவிட்டு வைக்கும்போது 1.04. ஒரு மணி தாண்டிவிட்டது, முழு மணியில் தொடங்க முடியாமல் போய்விட்டது. இனி இரண்டு மணிக்குத்தான்.

"சீக்கிரம் சாப்ட்டு எழுந்திரும்மா, அஞ்சு நிமிஷ வேலை."

"ரெண்டு மணி ஆகட்டும்மா."

"ரெண்டு மணிக்கு என்னடி இருக்கு?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. அம்மாவுக்குத் தெரிவது அப்படியே ஆறிக்கொண்டிருக்கும் தட்டும் மகளின் பிடிவாதமும்தான். ஐந்து நிமிட வேலை என்று அம்மா சொல்வது உண்மையாகவே ஐந்து நிமிட வேலைதான், அம்மாவுக்கு. மகளுக்கு அது காலை கண் விழித்ததிலிருந்து நடந்துகொண்டிருக்கும் வேலை. சாப்பிட்டு முடித்த பிறகும் அது தீராது. சாப்பிட்டது சரியா, கூடிப்போனதா, ராத்திரி எதைக் குறைப்பது என்று சாயங்காலம் வரை நீளும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இருவருடைய நேரமும் வேறு.

ஒருவர் எவ்வளவுக்கு எவ்வளவு நேரத்தையே கவனித்துக்கொண்டிருக்கிறாரோ அவ்வளவுக்கு அது நீண்டு தெரியும் என்பது உளவியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். கவனம் வேறெங்காவது போனால் நேரம் சுருங்கும். பதற்றமும் நிமிடங்களை நீட்டிக் காட்டும். பசி, பயம், கடிகாரத்தின் மேல் கண் என்று மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் இந்த நோய். அந்தப் பெண்ணின் 12.40க்கும் ஒரு மணிக்கும் இடையில் இருப்பது நமக்குத் தெரிந்த இருபது நிமிடம் இல்லை.

அப்படியானால் இந்த விதி எதற்கு? அது நிம்மதி தருகிறது. என்ன படிப்பது, யாரை நம்புவது, நான் போதுமானவளா என்று எதற்கும் விடை கிடைக்காத ஒரு வயதில், கடிகாரம் தெளிவாக ஆம் அல்லது இல்லை என்று சொல்கிறது. லண்டனில் ஜேனட் ட்ரெஷர், கேட் சான்டூரியா ஆகியோரின் குழு அனோரெக்சியா உள்ளவர்களிடம் நடத்திய சோதனைகளில், ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு மனத்தை மாற்றிக்கொள்வது பலருக்குக் கடினமாக இருப்பது தெரியவந்தது. நடுவில் திட்டம் மாறினால் மற்றவர்கள் சலித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இவர்களுக்கு அன்றைய நாளே குலைந்துபோகும்.

இதெல்லாம் அந்தப் பெண்ணின் குணம், பிடிவாதம் என்று நினைக்கத் தோன்றும். அந்த எண்ணத்தை உடைக்கும் ஆய்வு ஒன்று உண்டு. உணவுக் கோளாறு உள்ள ஒருவரோடு வாழும் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதைத் தொடங்கினார். போரால் பட்டினியில் வாடும் ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று அறிவதுதான் நோக்கம். மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடல்நலம், மனநலம் இரண்டும் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். முதல் 12 வாரம் வழக்கமான உணவு, அடுத்த 24 வாரம் அரைப்பட்டினி, பிறகு மீட்பு. அரைப்பட்டினியின் முடிவில் அவர்கள் உடல் எடையில் கிட்டத்தட்டக் கால்வாசியை இழந்திருந்தார்கள். 1950இல் முழு முடிவுகளும் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன.

அந்த இளைஞர்களின் நேரத்துக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். நாள் முழுவதும் அடுத்த வேளையைப் பற்றிய நினைப்பு. கிடைக்கிற கொஞ்ச உணவை எப்படிப் பிரித்துச் சாப்பிடுவது என்று திட்டம் போட்டார்கள். சாதாரணமாகச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடக்கூடிய சாப்பாட்டை இரண்டு மணி நேரம் வரை இழுத்தவர்கள் இருந்தார்கள். சமையலில் அதுவரை அக்கறையே இல்லாதவர்கள் சமையல் குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தார்கள். படிப்பு, அரசியல், காதல் எல்லாவற்றிலும் ஆர்வம் வடிந்தது. நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். குளிர் தாங்கவில்லை, நாடித்துடிப்பு வெகுவாகக் குறைந்தது. உணவு திரும்பக் கிடைத்த பிறகும் பலருக்குப் பழைய நிலை உடனே வரவில்லை. வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் மாதக்கணக்கில் திணறியவர்கள் உண்டு.

அவர்களுக்கு ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இல்லை, எடை கூடிவிடுமோ என்ற பயமும் இல்லை. பட்டினி மட்டும்தான். தட்டின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது, சமையல் வீடியோக்களை முடிவில்லாமல் பார்ப்பது, வேறு எதையும் நினைக்க முடியாமல் போவது ஆகியவற்றில் பெரும் பகுதி பட்டினி கிடக்கும் மூளையின் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அனோரெக்சியாவை முழுவதுமாக இந்த ஆய்வு விளக்கிவிடாது. பட்டினியை எது தொடங்கிவைத்தது, உணவு எதிரில் இருந்தும் ஏன் நிறுத்த முடியவில்லை என்பவை வேறு கேள்விகள். ஆனால் நோயாளியைக் 'கல்நெஞ்சுக்காரி', 'நடிக்கிறாள்' என்று திட்டும் முன் மினசோட்டாவின் 36 பேரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

உடலுக்குள் ஓடும் கடிகாரங்களும் மாறுகின்றன. இதில் என்னை அதிகம் உலுக்கியது 1974இல் ராபர்ட் போயரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு. மாதவிடாயை இயக்கும் எல்ஹெச் என்ற ஹார்மோனை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி துடிப்புத் துடிப்பாக விடுகிறது. சிறுமிகளுக்கு அது இரவும் பகலும் மிகக் குறைவு. பருவமடையும்போது தூக்கத்தில் மட்டும் எழும்பும். வளர்ந்த பெண்ணுக்கு இரவு பகல் பாராமல் துடித்துக்கொண்டிருக்கும். அனோரெக்சியாவால் மெலிந்துபோன வயதுவந்த பெண்களை 24 மணி நேரமும் சோதித்துப் பார்த்தபோது, அந்தத் துடிப்பு சிறுமிகளுக்கோ பருவமடையும் வயதுப் பெண்களுக்கோ இருப்பது போலவே இருந்தது. பட்டினியில் உடல் தன் முதிர்ச்சியைப் பின்னோக்கித் திருப்பிவிடுகிறது. குழந்தை பெறும் வேலைக்கு இது காலமில்லை என்று அது தானாகவே எடுக்கும் முடிவு இது.

மற்றவையும் மெதுவாகின்றன. இதயம் நிதானமாகத் துடிக்கும்; விளையாட்டு வீரர்களுக்கும் அப்படித்தானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள், ஆனால் இங்கே அது எரிபொருள் தீர்ந்த இதயம். இரைப்பை காலியாக வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கிறது. அதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு மணிக்கணக்கில் கனக்கும், உப்பும். 'இப்பதானே சாப்பிட்டேன், இன்னும் இறங்கல' என்று நோயாளி சொன்னால் அது பொய்யில்லை. எலும்பின் கணக்கு வேறு மாதிரியானது. வாழ்நாளுக்கான எலும்புச் சேமிப்பின் பெரும்பகுதி பதின்ம வயதிலேயே நடந்து முடிகிறது. அந்த வருடங்களில் கட்டாமல் விட்டதைப் பிற்பாடு முழுதாக ஈடுகட்டுவது கடினம். இந்த நோயில் சில இழப்புகளுக்குக் காலக்கெடு இருக்கிறது என்பதற்கு எலும்பு ஒன்றே போதும்.

பசி என்ற உணர்வும் நம்பகமாக இருப்பதில்லை. இதயத் துடிப்பு, வயிற்றின் நிறைவு, உடல் சூடு என உடலுக்குள்ளிருந்து வரும் உணர்வுகளைத் திரட்டும் மூளைப் பகுதி இன்சுலா. நேரம் கழிவதை நாம் உணர்வதற்கும் இந்தப் பகுதிதான் அடித்தளம் என்று நரம்பியலாளர் ஏ. டி. கிரெய்க் 2009இல் ஒரு கருத்தை முன்வைத்தார். உடலிலிருந்து வரும் செய்திகளின் தொடர்ச்சியே 'இப்போது', 'சற்று முன்' என்ற உணர்வைத் தருகிறது என்பது அதன் சாரம். உணவுக் கோளாறு உள்ளவர்கள் பலர் தங்கள் உடலின் செய்திகளைப் படிக்கத் தடுமாறுகிறார்கள் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டையும் முடிச்சுப் போட்டு உறுதியாகச் சொல்ல இன்னும் வேலை பாக்கியிருக்கிறது. என்றாலும், உள்ளிருந்து வரும் நேரம் மங்கிப்போனவர் சுவரில் தொங்கும் நேரத்தை இறுகப் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்ற நினைவுக்கும் பசியில் பங்கு உண்டு. 1998இல் பால் ரோஸின் என்ற உளவியலாளரின் குழு, புதிய நினைவுகளைத் தக்கவைக்க முடியாத இருவருக்கு மதிய உணவு கொடுத்தது. 10 முதல் 30 நிமிடம் கழித்து மறுபடி கொடுத்தபோது மறுபடி சாப்பிட்டார்கள். மூன்றாவது முறையும் பெரும்பாலும் தொடங்கினார்கள். சாப்பிட்ட நினைவு இல்லாவிட்டால் போதும் என்பதும் சரியாக வருவதில்லை. நமக்கு அந்த நினைவு பின்னணியில் இருந்து வேலை செய்துவிட்டு மறைந்துவிடும். உணவுக் கோளாறு உள்ளவருக்கோ அது மறையாத கணக்கேடு. முந்தாநாள் சாப்பிட்டது இன்றைய தட்டில் வந்து நிற்கும்.

எதிர்காலத்துக்கு வருவோம். இப்போது கிடைக்கும் சிறு தொகையா, பொறுத்திருந்தால் கிடைக்கும் பெரிய தொகையா என்று கேட்டால் பெரும்பாலோர் ஓரளவாவது இப்போதைய பக்கம் சாய்வார்கள். நியூயார்க்கில் ஜோஆனா ஸ்டைன்கிளாஸும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அனோரெக்சியா உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் காத்திருக்கும் பக்கம் சாய்ந்தார்கள். அதே குழுவின் 2015ஆம் ஆண்டு ஆய்வில், எடை மீண்ட பிறகு இந்த வேறுபாடு கரைந்துவிட்டது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சிகிச்சை தருபவர்கள் கண்ணால் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. இன்றைய பசி, இன்றைய ருசி, இன்றைய பிறந்தநாள் விருந்து எல்லாம் இன்னும் வராத ஒரு நாளுக்காகத் தள்ளிப்போடப்படுகின்றன. 'இன்னும் கொஞ்சம் குறைஞ்சதும் நிறுத்திடுவேன்' என்பது அந்த நாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் இலக்கு மறுபடி தள்ளிப் போகிறது.

இதைப் பார்த்து "என்ன மன உறுதி!" என்று பாராட்டுபவர்களைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். தொடக்கத்தில் வேண்டுமானால் அது உறுதியாக இருக்கலாம். அனோரெக்சியா ஏன் இத்தனை விடாப்பிடியாக நிற்கிறது என்பதற்கு மனநல மருத்துவர் திமோத்தி வால்ஷ் 2013இல் ஒரு விளக்கம் சொன்னார். ஆரம்பத்தில் பாராட்டும் நிம்மதியும் தந்த செயல், திரும்பத் திரும்பச் செய்ததில் பழக்கமாக உறைந்துவிடுகிறது. அதன் பிறகு பலன் நின்றுபோனாலும் பழக்கம் நிற்பதில்லை. நோயாளி ஒவ்வொரு முறையும் யோசித்து முடிவெடுக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். அந்தக் கட்டத்தில் யோசனைக்கு இடமே இருப்பதில்லை. அதனால்தான் நீண்ட உபதேசங்கள் பலிப்பதில்லை.

புலிமியாவிலும் பிஞ்ச் ஈட்டிங்கிலும் நேரம் வேறு விதமாக உடைகிறது. அனோரெக்சியாவில் நிமிடங்கள் நீள்கின்றன என்றால் இங்கே மணிகள் காணாமல் போகின்றன. புலிமியாவை 1979இல் லண்டனில் ஜெரால்ட் ரஸல் தனி நோயாக விவரித்தார். பிஞ்ச் ஈட்டிங்கை ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959லேயே எழுதியிருந்தாலும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் அது முழு நோயாக இடம் பெற்றது 2013இல்தான். அந்த வகைப்பாட்டின் இலக்கணத்திலேயே கடிகாரம் இருக்கிறது: சுமார் 2 மணி நேரத்துக்குள், மற்றவர்கள் அதே சூழலில் சாப்பிடுவதைவிடத் தெளிவாக அதிகம் சாப்பிடுவது, அப்போது கட்டுப்பாடு கைவிட்டுப் போனதாக உணர்வது, வாரம் ஒருமுறையாவது 3 மாதம் தொடர்வது.

அனுபவித்தவர்கள் சொல்வது இதைவிடக் கூர்மையானது. 'எப்ப ஆரம்பிச்சேன்னு தெரியல', 'நான்தான் சாப்பிட்டேனான்னே தெரியல', 'முடிஞ்சப்புறம்தான் மணி பார்த்தேன்.' டாட் ஹெதர்டனும் ராய் பௌமைஸ்டரும் 1991இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தன்னைப் பற்றிய எதிர்பார்ப்புகள் தாங்க முடியாத உயரத்தில் இருப்பவர், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் வேதனையிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார். அதற்கு வழி கவனத்தைச் சுருக்குவது. நேற்றும் நாளையும் விலகிப்போய், கையும் வாயும் மட்டும் உள்ள ஒரு குறுகிய இப்போது மிஞ்சுகிறது. கொஞ்ச நேரத்துக்கு நாளைய தேர்வும் இல்லை, நேற்றைய அவமானமும் இல்லை. அது முடிந்ததும் இரண்டும் குற்ற உணர்ச்சியோடு திரும்பி வருகின்றன.

அப்போது பிறப்பதுதான் 'நாளையிலிருந்து' என்ற சபதம். நாளையிலிருந்து சரியாக இருப்பேன், திங்கட்கிழமையிலிருந்து, ஒன்றாம் தேதியிலிருந்து. இது தீர்வு போலத் தோன்றினாலும் அடுத்த சுற்றுக்கான ஏற்பாடுதான். டொராண்டோவில் ஜேனட் பாலிவி, பீட்டர் ஹெர்மன் குழு 2002இல் வெளியிட்ட சோதனையில், வழக்கமாகவே சாப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பெண்கள் சிலரிடம் நீங்கள் ஒரு வாரம் டயட் இருக்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள். டயட் தொடங்கவே இல்லை. ஆனால் அப்படிச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். நாளை கிடைக்காது என்ற எண்ணமே இன்றைய கட்டை அவிழ்த்துவிடுகிறது. ஆகவே கட்டுமீறிச் சாப்பிட்ட மறுநாள் பட்டினி கிடக்கச் சொல்வதைப் போன்ற மோசமான யோசனை வேறில்லை. மறுநாள் காலை உணவைச் சாப்பிடுவதுதான் அந்தச் சுற்றை உடைக்கும் முதல் செயல். நோயாளிக்கு அதுதான் ஆகக் கடினம்.

நாட்களைத் தாண்டி வருடங்களுக்கும் இதே கதி. பதினைந்து வயதில் நோய் வந்து இருபத்தைந்தில் வெளியே வருபவர், நடுவில் இருந்த பத்து வருடங்களைப் பெரும்பாலும் ஒரே நாளாகத்தான் நினைவுகூர்கிறார். எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்ததால் பிடித்துக்கொள்ள நிகழ்ச்சிகள் இல்லை. அந்த நேரத்தில் தோழிகள் படிப்பை முடித்தார்கள், வேலைக்குப் போனார்கள், காதலித்தார்கள், பிரிந்தார்கள். இவர் உடல் தேறியதும் இருபத்தைந்து வயதுக்காரர்கள் நடுவே பதினைந்து வயதுப் பயங்களோடு நிற்கிறார். குணமாகும் கட்டத்தில் வரும் துக்கத்தில் இது பெரும் பங்கு. 'இப்பதான் நல்லா சாப்பிடுதே, ஏன் அழுது?' என்று வீட்டில் குழம்புகிறார்கள். போன வருடங்களுக்காக அழுகிறார். அதற்கு இடம் தர வேண்டும்.

ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் லுட்விக் பின்ஸ்வாங்கர், உணவும் எடையும் வாழ்க்கையையே விழுங்கிவிட்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி 1944-45இல் எழுதிய நீண்ட ஆய்வில், அவள் நேரத்தை எப்படி வாழ்ந்தாள் என்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். அன்றைய சிகிச்சையால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் இந்த நோயை நேரத்தின் வழியாகவும் பார்க்க வேண்டும் என்று ஒரு மருத்துவர் அப்போதே உணர்ந்திருந்தார்.

இப்போது சிகிச்சைக்கு வருவோம், ஏனென்றால் இன்று பலன் தரும் சிகிச்சைகள் முதலில் கைவைப்பது நேரத்தில்தான். ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் (எண்ணங்களையும் பழக்கங்களையும் சேர்த்து மாற்றும் முறை) ஆரம்பப் படிகளில் ஒன்று ஒழுங்காகச் சாப்பிடுவது. மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு, எந்த இடைவெளியும் சுமார் நாலு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பசிக்கிறதோ இல்லையோ, சாப்பிடும் நேரம் வந்தால் சாப்பிடுவது. நேரம் வராதபோது சாப்பிடாமல் வேறு வேலையில் இறங்குவது. எதைச் சாப்பிடுகிறார் என்பதைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் எப்போது என்பது நிலைக்கட்டும்.

கடிகாரத்துக்கு அடிமையானவருக்கு மறுபடியும் கடிகாரமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேறுபாடு, அந்த நேரத்தை யார் வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நோயின் கடிகாரம் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதற்காக ஓடுகிறது. சிகிச்சையின் கடிகாரம் சாப்பிடலாமா வேண்டாமா என்ற வாதத்தையே எடுத்துவிடுகிறது. பசி உணர்வு பழுதாகியிருக்கும் காலத்தில் 'பசித்தால் சாப்பிடு' என்பது, கால் எலும்பு முறிந்தவரை நடந்து பார்க்கச் சொல்வதற்குச் சமம். ஒழுங்காகச் சாப்பிட்டுவரும் உடலில் பசியும் நிறைவும் மெல்ல மெல்லத் திரும்புகின்றன. அதுவரை திட்டம்தான் பசி.

சிறுவயதினருக்கு இந்தக் கடிகாரத்தைக் கொஞ்ச காலம் பெற்றோர் கையில் கொடுக்கிறது குடும்ப அடிப்படையிலான சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறை இது. எப்போது, எவ்வளவு, என்ன என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கிறார்கள். பிள்ளையோடு உட்கார்ந்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எழுவதில்லை. எடை மீண்டதும் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்பிப் போகிறது. 1873லேயே பிரெஞ்சு மருத்துவர் சார்ல்ஸ் லசேக் கவனித்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது: குடும்பத்திடம் இருப்பவை இரண்டே ஆயுதங்கள், கெஞ்சலும் மிரட்டலும், இரண்டும் தீர்ந்துபோகும்வரை பயன்படுத்துகிறார்கள். இந்தச் சிகிச்சை மூன்றாவதாக ஒன்றைக் கற்றுத்தருகிறது. அமைதியாக, விலகாமல், அடுத்த வேளையும் அதே மேசையில் வந்து உட்காருவது. சாப்பிட்ட பிறகு வரும் ஒரு மணி நேரத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருக்கும் என்பதால் பல சிகிச்சை மையங்கள் அந்த நேரத்தில் நோயாளியைத் தனியே விடுவதில்லை. வீட்டிலும் அந்த மணி நேரத்துக்குப் பேச்சு, விளையாட்டு, சினிமா என்று எதையாவது வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டைப் பற்றிய பேச்சு மட்டும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. மிகவும் மெலிந்தவர், பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடாதவர் திடீரென்று நிறையச் சாப்பிட ஆரம்பித்தால் இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மீட்பு மருத்துவர் மேற்பார்வையில் தொடங்க வேண்டும். மயக்கம், நெஞ்சு படபடப்பு, மிக மெதுவான நாடி, தண்ணீரும் குடிக்க மறுப்பது, சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனநோய்களில் இறப்பு விகிதம் மிக அதிகமான நோய்களுள் அனோரெக்சியாவும் ஒன்று.

'நாளானால் சரியாகும்' என்பதற்கு ஆய்வுகளின் பதில் இரண்டு பாகமாக வருகிறது. மாட்ஸ்லி குழு 1987இல் வெளியிட்ட சோதனையில் குடும்பச் சிகிச்சை யாருக்கு நன்றாகப் பலித்தது என்று பார்த்தால், இளவயதில் நோய் தொடங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உருவான ஃப்ரீட் என்ற திட்டமும் இந்த மூன்று ஆண்டைத்தான் எல்லையாக வைத்து, 16 முதல் 25 வயதுக்காரர்களைக் காத்திருப்புப் பட்டியலில் தேங்கவிடாமல் சீக்கிரம் சிகிச்சைக்குக் கொண்டுவருகிறது. நோய் பழக்கமாக உறைவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்பதே காரணம். எடை இன்னும் குறையட்டும் பார்க்கலாம், தேர்வு முடியட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நோய்க்குக் கொடுக்கும் மாதம்.

அதேசமயம், மூன்று ஆண்டு தாண்டிவிட்டதே என்று கைவிடவும் காரணமில்லை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் சிகிச்சை நாடி வந்த பெண்களை இருபது ஆண்டுக்கும் மேல் தொடர்ந்து பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு முழுக்க அறிகுறிகள் இல்லாமல் இருந்தால்தான் குணம் என்று அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அனோரெக்சியா உள்ளவர்களில் சுமார் 9 ஆண்டு முடிவில் குணமானவர்கள் 31.4 சதவீதம். 22 ஆண்டு முடிவில் 62.8 சதவீதம். புலிமியாவில் இரண்டு கட்டத்திலும் 68.2 சதவீதம். ஒன்பது ஆண்டு கழித்தும் மீளாதவர்களில் பலர் அதற்குப் பிறகு மீண்டார்கள். இருபது வருட நோயாளி ஒருவரைப் பார்த்து 'இனி இவர் இப்படித்தான்' என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் இந்த எண்கள் இடம் தரவில்லை.

எப்போது முடியும் என்றுதான் வீட்டார் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் உடல் தேறும், அதற்குப் பல மாதம் ஆகலாம். எண்ணங்கள் அதற்குப் பின்னால், சிலருக்கு வருடக்கணக்கில் பின்தங்கி வரும். எடை சரியான அன்றே நோய் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு சிகிச்சையை நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மறுபடி சறுக்கும் வாய்ப்பு சிகிச்சை முடிந்த முதல் ஓராண்டில் அதிகம் என்பதால், அந்த ஆண்டுக்கான மருத்துவச் சந்திப்புகளை முன்கூட்டியே தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு மாதம், வீடு மாறும் மாதம், புது வேலையில் சேரும் மாதம் ஆகியவற்றில் ஒரு சந்திப்பு கூடுதலாகவே இருக்கட்டும்.